நடுவே நிற்கும் துபாசி: உலாவிவழித் தொலைக்கணினி பற்றிய திறனாய்வு

புதிய கருவி ஒன்று தோன்றும்போது அதனைப் புகழ்வார் ஒரு சாரார். பழிப்பார் மற்றொரு சாரார். புகழ்வார் அக்கருவி இறக்கிவைத்த சுமையை மட்டும் எண்ணிக் காட்டுவர். பழிப்பார் அது ஏற்றிவைத்த சுமையை மட்டும் எண்ணிக் காட்டுவர். இவ்விரண்டும் திறனாய்வு ஆகா. இறக்கிவைத்த சுமை எங்கே சென்றது, அதனை இப்பொழுது தாங்கி நிற்பவர் யார், தாங்கும் வலிமை அவர்க்கு உண்டா என்று வினவுவதே திறனாய்வு. உலாவி வழியாகத் தொலைவிலுள்ள கணினியை இயக்கும் முறையை இவ்வினாக்களின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் அலுவலகத்திலுள்ள கணினியின் திரையை வேறோர் ஊரிலிருந்து பார்த்து, அங்குள்ள செயலிகளை இங்கிருந்தே இயக்குவது தொலைக்கணினி முறை. அதற்கெனத் தனி மென்பொருள் எதனையும் நிறுவாமல், நாளேடு படிக்கப் பயன்படும் அதே உலாவியைக் கொண்டு இதனைச் செய்வது உலாவிவழி முறை. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சிங்கப்பூரிலும் அதையொத்த கட்டுப்பாடு தொடங்கியது. பணியாளர் வீட்டிலும் அவர்தம் கணினி பூட்டிய அலுவலகத்திலுமாகப் பிரிந்து நின்ற அந்நாள்களில் இம்முறையின் தேவை பலர்க்கும் விளங்கிற்று.

இதனைப் பரிந்துரைப்போர் மூன்று கூற்றுக்களை முன்வைப்பர். ஒன்று, பயன்படுத்துவோர் எதையும் நிறுவ வேண்டுவதில்லை. இரண்டு, எங்கிருந்தும் பணி செய்யலாம். மூன்று, வாயில் ஒன்றே ஆதலின் காவல் எளிது. மூன்றும் பொய்யல்ல, ஆனால் மூன்றும் முழு மெய்யும் அல்ல. எவ்வளவு மெய், எவ்விடத்தில் மெய் என்பதைப் பிரித்தறியாமல் ஒரு பள்ளியோ கூட்டுறவுச் சங்கமோ சிறு நிறுவனமோ இதில் இறங்குமாயின், பிற்பாடு வருந்த நேரும்.

ஆய்வுக்கு எடுத்துக்காட்டாக அப்பாச்சி குவாக்கமோலி என்னும் மென்பொருளைக் கொள்வது பொருத்தம். உள்ளமைப்பை எவரும் திறந்து பார்க்கக்கூடிய பொருளை ஆராய்வதே நேர்மையான ஆராய்ச்சிக்கு ஏற்றது. இதன் மூலநிரல் அவ்வாறு திறந்து வைக்கப்பட்டுள்ளது. விலையும் இல்லை. 2010ஆம் ஆண்டில் தொடங்கிய இம்முயற்சி 2016இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் பயிற்சி நிலைக்குள் ஏற்கப்பட்டு, 2017இல் அவ்வமைப்பின் முழுத் திட்டமாக உயர்ந்தது. குவாக்கமோலி என்பது வெண்ணெய்ப் பழத்தை மசித்துச் செய்யும் மெக்சிகோ நாட்டுத் துவையலின் பெயர். பெயருக்கும் பொருளுக்கும் தொடர்பு தேடி அலைய வேண்டுவதில்லை.

படமும் பொருளும்

தொலைக்கணினி முறையில் உண்மையில் நிகழ்வது யாது? பக்கத்து வகுப்பின் கரும்பலகையைச் சாளரம் வழியே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். எழுத்து அவன் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பலகையும் அங்கே இருக்கிறது. சுண்ணக்கட்டியும் அங்கே இருக்கிறது. அவன் இங்கிருந்து சொல்வதை அங்குள்ள ஒருவர் எழுதுகிறார். எழுதியதை இவன் பார்க்கிறான். தொலைக்கணினியிலும் இதுவே நடைபெறுகிறது. விசையழுத்தமும் சுட்டியின் அசைவும் இங்கிருந்து அங்கே செல்கின்றன. திரையின் படம் அங்கிருந்து இங்கே வருகிறது. கோப்பு அங்கேயே இருக்கிறது. கணக்கிடும் வேலையும் அங்கேயே நடக்கிறது.

படம் அனுப்புவது எளிய செயல் என்று எண்ணிவிடலாகாது. 1,920க்கு 1,080 என்னும் அளவுள்ள திரையில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள. ஒரு புள்ளிக்கு 3 பைட்டு என்றால் ஒரே ஒரு படத்துக்கு ஏறத்தாழ 62 இலட்சம் பைட்டு ஆகும். நொடிக்கு 30 படம் என்று கொண்டால் 18 கோடி பைட்டைத் தாண்டும். இவ்வளவையும் அப்படியே கம்பியில் அனுப்புவது பெரும்பாலோர்க்கு இயலாது. ஆதலின் திரையில் மாறிய பகுதியை மட்டும் கண்டறிந்து, அதனையும் சுருக்கி அனுப்புவர். தொலைக்கணினிக் கலையின் பெரும் பகுதி இந்தச் சிக்கனத்தில்தான் அடங்கியுள்ளது.

இக்கலை புதியதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் 1984இல் தோன்றிய எக்ஸ் சாளர முறை, ஓரிடத்தில் இயங்கும் செயலியின் சாளரத்தை மற்றோரிடத்துத் திரையில் காட்டியது. 1990களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தார் வி.என்.சி. முறையை உருவாக்கினர். 1998இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் என்.டி. 4.0 மென்பொருளின் தனிப்பதிப்பு ஒன்றில் ஆர்.டி.பி. நெறிமுறையை வெளியிட்டது. ஆயினும் ஒவ்வொரு முறைக்கும் பார்ப்பவர் பக்கத்தில் அதற்குரிய தனி மென்பொருள் வேண்டியிருந்தது. வி.என்.சி.க்கு ஒன்று, ஆர்.டி.பி.க்கு மற்றொன்று எனச் சாவிக்கொத்து பெருகிற்று.

உலாவி ஏன் அந்நாளில் இவ்வேலைக்கு உதவவில்லை? அதனிடம் இரு குறைகள் இருந்தன. நினைத்த இடத்தில் நினைத்த புள்ளியை வரையும் ஆற்றல் அதற்கு இல்லை. மேலும் அதன் பேச்சு கடிதப் போக்குவரத்தைப் போன்றது. ஒரு வேண்டுகோள், ஒரு மறுமொழி, அத்துடன் தொடர்பு முடிந்தது. 'கேன்வாஸ்' என்னும் வரைதளம் பல உலாவிகளிலும் இடம்பெற்றபோது முதற்குறை நீங்கியது. 2011 டிசம்பரில் 'வெப்சாக்கெட்' நெறிமுறை தரமாக வெளியிடப்பட்டபோது இரண்டாவது குறையும் நீங்கியது. கடிதம் எழுதிக்கொண்டிருந்த உலாவிக்குத் தொலைபேசி கிடைத்தது என்று கூறலாம்.

மூன்று பகுதிகள்

குவாக்கமோலியின் அமைப்பில் மூன்று பகுதிகள் உள. முதலாவது, உலாவிக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்; இது படத்தை வரையும், விசையழுத்தத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டாவது, சேவையகத்தில் டாம்கேட் போன்ற தளத்தின்மேல் இயங்கும் ஜாவா நிரல். இது வருபவர் யார், அவர் எந்தக் கணினிக்குச் செல்ல உரிமையுடையவர் என்று பார்க்கும். மூன்றாவது, 'குவாக்-டி' என்னும் நடுநிரல். உண்மையான வேலை இங்கேதான் நடக்கிறது. தொலைவிலுள்ள கணினியோடு அதன் மொழியில் பேசுவதும், அப்பேச்சை உலாவிக்குப் புரியும் ஒரே மொழிக்கு மாற்றித் தருவதும் இதன் கடமை.

பழங்காலத்து வணிகத்தில் துபாசி என்றொருவர் இருந்தார். இரண்டு மொழி அறிந்த அவர், கப்பலில் வந்த வணிகனுக்கும் கரையில் நின்ற வணிகனுக்கும் இடையே நின்று பேச்சை மாற்றித் தந்தார். குவாக்-டி அத்தகைய துபாசி. விண்டோஸ் கணினியோடு ஆர்.டி.பி.யிலும், வேறு கணினிகளோடு வி.என்.சி.யிலும், கட்டளைத்திரைக்கு எஸ்.எஸ்.எச்.சிலும் அது பேசும். உலாவி இவற்றுள் ஒன்றையும் அறிந்திருக்க வேண்டுவதில்லை.

உலாவிக்கும் துபாசிக்கும் இடையே வழங்கும் மொழியின் எளிமை பாராட்டுக்குரியது. சொல்ல வேண்டிய ஒவ்வொன்றுக்கும் முன்னர் அதன் நீளம் குறிக்கப்படும். 1024 என்ற எண்ணைச் சொல்ல வேண்டுமாயின், அதில் நான்கு இலக்கம் இருத்தலின் முதலில் 4 என்று எழுதி, ஒரு புள்ளியிட்டு, பின்னர் 1024 என்று எழுதுவர். உறுப்புக்களை காற்புள்ளி பிரிக்கும். கட்டளையை அரைப்புள்ளி முடிக்கும். எவ்வளவு படிக்க வேண்டும் என்பதைப் படிப்பதற்கு முன்பே அறிந்துகொள்வதால் தடுமாற்றத்துக்கு இடமில்லை. நாளை புதியதொரு தொலைக்கணினி முறை தோன்றினாலும் துபாசிக்கு மட்டும் அம்மொழியைக் கற்பித்தாற் போதும். உலகெங்கும் உள்ள உலாவிகளை மாற்ற வேண்டுவதில்லை. இம்மென்பொருளின் உண்மைச் சிறப்பு இதுவே. பலரும் புகழ்கின்ற 'எங்கிருந்தும்' என்னும் சொல் இதன் நிழல். அமைப்பின் இந்தப் பிரிவினையே இதன் உடல்.

ஆனால் துபாசியின் பெருமை எதுவோ, அதுவே துபாசியால் வரும் அச்சமும் ஆகும். இருபுறத்துப் பேச்சையும் அவர் கேட்டாக வேண்டும். கேளாமல் மொழிபெயர்க்க முடியாது. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு மூன்று கூற்றுக்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நிறுவ வேண்டுவதில்லையா?

பயன்படுத்துவோர் பக்கத்தில் இக்கூற்று மெய். முப்பது கணினிகள் உள்ள ஒரு கூடத்தில் கணக்கியல் மென்பொருள் ஒன்றைக் கற்பிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். வழக்கமான முறையில் முப்பதிலும் அதனை நிறுவ வேண்டும். புதுப்பிக்கும்போதெல்லாம் முப்பது முறை உழைக்க வேண்டும். உலாவிவழி முறையில் அது ஓரிடத்தில் இருந்தாற் போதும். உலாவியைத் தவிர வேறொன்றும் இயங்காத எளிய மடிக்கணினியும், தட்டைக்கணினியும், வயதான கணினியும் இதற்கு உதவும். பழைய கணினிகளைக் குப்பையில் எறியாமல் இன்னும் சில ஆண்டு பயன்படுத்தலாம் என்பது வசதி குறைந்த பள்ளிக்குச் சிறிய நன்மையன்று.

ஆயின் முப்பது கணினிகள் செய்த வேலையை யாரேனும் செய்துதானே ஆகவேண்டும்? அதனைச் சேவையகம் செய்கிறது. முப்பது பேரின் பணியையும் ஒருசேரத் தாங்கும் நினைவகமும் ஆற்றலும் அதற்கு வேண்டும். குவாக்கமோலிக்கு விலையில்லை என்பதனால் எல்லாம் விலையின்றிக் கிடைத்துவிடும் என்று எண்ணுவதும் பிழை. விண்டோஸ் 'ஹோம்' பதிப்பு ஆர்.டி.பி. வழி வருவோரை ஏற்பதில்லை. 'புரோ' பதிப்பு ஏற்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்க்கே இடந்தரும். பலர் ஒருங்கே நுழைய வேண்டுமாயின் விண்டோஸ் சேவையகப் பதிப்பும், அதன்மேல் பயனர்தோறும் அல்லது கருவிதோறும் தொலைமேசை உரிமமும் வாங்க வேண்டும். துவையல் இலவசம், அதனைத் தொட்டு உண்ணும் தோசைக்கு விலை உண்டு.

உழைப்பும் அவ்வாறே. டாம்கேட்டை அமைத்தல், பயனர் பட்டியலுக்கான தரவுத்தளத்தை நிறுவுதல், உலாவிக்கும் வாயிலுக்கும் இடையிலான பேச்சை மறைமொழியாக்க உரிய சான்றிதழ் பெற்று முன்னே ஒரு சேவையகத்தை நிறுத்துதல், இவை அனைத்தையும் காலந்தோறும் புதுப்பித்தல் ஆகிய கடமைகள் ஒருவர் தலையில் விழுகின்றன. முப்பது பேர் நிறுவ வேண்டியதை நிறுவாமல் இருப்பதற்கு ஒருவர் முன்னிலும் அரிய ஒன்றை நிறுவ வேண்டியிருக்கிறது. மேலும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. தனிக்கணினி ஒன்று பழுதுபட்டால் ஒரு மாணவன் சும்மா இருப்பான். வாயில் பழுதுபட்டால் முப்பது மாணவரும் சும்மா இருப்பர். ஆகவே முதற் கூற்றைத் திருத்திச் சொல்வதாயின், 'நிறுவும் வேலை இல்லாமற் போகவில்லை. பலரிடமிருந்து ஒருவரிடம் சென்றது' என்பதே சரி.

எங்கிருந்தும் இயலுமா?

இரண்டாவது கூற்றைச் சோதிக்க இயற்கையே ஓர் அளவுகோல் தருகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்த்தொலைவு ஏறத்தாழ 320 கிலோமீட்டர். போய்வர 640 கிலோமீட்டர். நொடியில் ஆயிரத்தில் 3 பங்கு போதும். சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்கு ஏறத்தாழ 10,900 கிலோமீட்டர். போய்வர நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். கடலடிக் கம்பிகள் நேர்க்கோட்டில் செல்வதில்லை. இடையிலுள்ள கருவிகளும் சிறிது நேரம் கொள்ளும். ஆதலின் உண்மைத் தாமதம் இதனினும் மிகுதி. எத்தனை வெள்ளி செலவிட்டாலும் இந்த அடிப்படைத் தாமதத்தை வாங்கி அழிக்க முடியாது.

பத்தில் ஒரு பங்கு நொடி சிறிது என்று தோன்றும். ஒரு படிவத்தை நிரப்புபவர்க்கு அது சிறிதுதான். ஆனால் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்பவர்க்கு, விரல் ஒரு சொல் முன்னே செல்லத் திரை ஒரு சொல் பின்னே வரும். சுட்டியால் கோடு வரைபவர்க்குக் கை ஒரு பக்கமும் கோடு ஒரு பக்கமும் போகும். நகரும் படத்தைப் பார்ப்போர்க்கு மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் சிக்கனம் உதவாது. ஏனெனில் அங்கே எல்லாப் பகுதியும் மாறிக்கொண்டே இருக்கும். எனவே அருகிலுள்ள சேவையகத்தில் கணக்கு, பதிவேடு, எழுத்துப்பணி முதலியன செய்வோர்க்கு இம்முறை பொருந்தும். கடல் கடந்த சேவையகத்தில் ஓவியமும் படத்தொகுப்பும் செய்வோர்க்குப் பொருந்தாது.

உலாவி ஒரு விருந்தினர் என்பதும் நினைவில் இருத்தல் வேண்டும். கணினியின் முழு விசைப்பலகையும் அதற்கு உரிமையன்று. கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்த அழுத்தத்தை இங்குள்ள கணினியே எடுத்துக்கொள்ளும். தொலைவிலுள்ள கணினிக்குப் போகாது. கண்ட்ரோலுடன் டபிள்யூ அழுத்தினால் தொலைவிலுள்ள கோப்பு மூடாது, உலாவியின் தாளே மூடிக்கொள்ளலாம். இத்தகைய விசைகளை அனுப்பக் குவாக்கமோலி திரையிலேயே ஒரு விசைப்பலகையை வரைந்து தருகிறது. கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் அதன் பட்டி திறக்கும். இஃது அறிவான ஏற்பாடே. எனினும் புதிதாகக் கற்கும் முதியவர்க்கு இதனைப் பொறுமையுடன் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்வோர் இவ்விடத்தில் ஒன்றைத் தெரிந்து தேர்ந்தெடுத்தல் நலம். எழுத்தாக்கம் இங்கே நடக்க வேண்டுமா, அங்கே நடக்க வேண்டுமா என்பதே அது. இங்குள்ள கணினியில் தமிழ் எழுத்தை உருவாக்கி அனுப்பினால், அங்குள்ள கணினி அதனை விசையாக அன்றி யூனிகோடு எழுத்தாக ஏற்க வேண்டும். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் முதலிய மொழிகளின் விசைப்பலகை அமைப்புக்களுக்குக் குவாக்கமோலியில் தனிப்பெயர்கள் உள. அவற்றுள் அடங்காத மொழிக்கு யூனிகோடு எழுத்தை மட்டும் அனுப்பும் பொதுவழி ஒன்றும் உண்டு. ஆனால் எல்லாச் செயலிகளும் அதனை ஏற்கும் என்பதற்கு உறுதியில்லை என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. இதற்கு மாறாக, தமிழ்99 விசைமுகத்தையோ மலேசியாவில் உருவான முரசு அஞ்சலையோ தொலைவிலுள்ள கணினியிலேயே அமைத்துவிட்டு, இங்கிருந்து வெறும் ஆங்கில விசைகளை மட்டும் அனுப்பினால், எழுத்தாக்கம் அங்கேயே நடக்கும், குழப்பம் குறையும். 'எங்கிருந்தும்' என்று விளம்பரம் செய்வோர் 'எம்மொழியிலும்' என்று சேர்ப்பதில்லை. அதனைப் பயன்படுத்துவோரே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

காவல் எளிதா?

மூன்றாவது கூற்றே மிகுந்த ஆராய்ச்சிக்கு உரியது. இதன் நற்பகுதியை முதலில் ஒப்புக்கொள்வது நடுநிலை. விண்டோஸ் கணினியின் ஆர்.டி.பி. வாயிலை நேரே இணையத்தில் திறந்து வைப்பது பெருந்தவறு. 2019 மே மாதத்தில் வெளிப்பட்ட 'புளூகீப்' என்னும் குறை, கடவுச்சொல்லே இல்லாமல் பழைய விண்டோஸ் கணினிகளுக்குள் நுழைய வழி தருவதாயிருந்தது. ஐம்பது கணினிகளையும் தெருவைப் பார்த்துத் திறந்து வைப்பதைவிட, அவற்றை உள்ளே வைத்து முன்னே ஒரு வாயிலை நிறுத்துவது மேலானது. குவாக்கமோலி இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் ஏற்கும். உள்ளிருக்கும் கணினியின் கடவுச்சொல்லைப் பயனர் அறியாமலே அவரை உள்ளே விடவும் வல்லது. பணியை விட்டு நீங்கியவரின் நுழைவை ஒரே இடத்தில் நிறுத்திவிடலாம்.

இனி மறுபக்கம். உலாவியிலிருந்து வாயில்வரை மறைமொழி. வாயிலிலிருந்து தொலைக்கணினிவரை மறைமொழி. ஆயினும் துபாசியின் காதில் பேச்சு திறந்த மொழியாகவே விழுகிறது. பயனர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும், அவர் காணும் ஒவ்வொரு படமும் அங்கே வெளிப்படை. தனி மென்பொருள் கொண்டு நேரே ஆர்.டி.பி. வழி இணைவோர்க்கு இடையில் இத்தகைய மூன்றாமவர் இல்லை. ஆகவே வாயிலைக் கைப்பற்றுபவன் ஒருவனைக் கைப்பற்றுவதில்லை, அனைவரையும் கைப்பற்றுகிறான்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2020இல் செக் பாயின்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் குவாக்கமோலியின் 1.1.0 வரையிலான பதிப்புக்களில் கடுங்குறைகளைக் கண்டறிந்து தெரிவித்தனர். அவர்கள் காட்டிய வழி சிந்தனைக்குரியது. அலுவலகத்தின் உள்ளே ஏற்கெனவே கெட்டுப்போன கணினி ஒன்றுடன் ஒரு பணியாளர் வெளியிலிருந்து இணையும்போது, அக்கணினி தீய செய்திகளை அனுப்பித் துபாசியையே வசப்படுத்தலாம். பின்னர் பிறருடைய இணைப்புக்களையும் ஒட்டுக்கேட்கலாம். தெருவிலிருந்து வரும் கள்வனைத் தடுக்க நிறுத்திய காவலன், வீட்டுக்குள்ளிருந்து வரும் தள்ளுதலை எதிர்பார்க்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் வெளிவந்த 1.2.0 பதிப்பு இக்குறையைத் தீர்த்தது. திறந்த மூலநிரலின் நன்மை இங்கே புலனாகிறது. குறை கண்டறியப்பட்டது, சொல்லப்பட்டது, திருத்தப்பட்டது. ஆனால் திருத்திய பதிப்பை நிறுவாதவர்க்கு அந்நன்மையால் பயனில்லை. தரவுத்தளத்துடன் இதனை அமைக்கும்போது முதலில் உருவாகும் தலைமைப் பயனரின் பெயரும் கடவுச்சொல்லும் 'குவாக்அட்மின்' என்ற ஒரே சொல்தான்; உடனே மாற்றுக என்று கையேடு கூறுகிறது. கையேட்டைப் படியாதவரின் வாயில் பூட்டிருந்தும் திறந்த வாயிலே.

வாயில் ஒன்றானால் இழப்பும் ஒன்றாகவே வந்து சேரும் என்பதற்குச் சிங்கப்பூரில் நிகழ்ந்த ஒன்றை நினைவு கூரலாம். 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் நோயாளிகளின் சொந்த விவரங்கள் திருடப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 1,60,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. 2019 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை, திருடர்கள் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் சிட்ரிக்ஸ் சேவையகங்களைப் படிக்கட்டாகக் கொண்டு தரவுத்தளத்தை அடைந்தனர் என்று விளக்கிற்று. சிட்ரிக்ஸ் சேவையகம் என்பது ஓரிடத்தில் இயங்கும் செயலியைப் பிற கணினிகளுக்குக் காட்டும் நடுவாயிலாகும். எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல் உடைய நிர்வாகக் கணக்கு அங்கே இருந்ததையும், மூடியிருக்க வேண்டிய வழியொன்று தரவுத்தளத்துக்குத் திறந்திருந்ததையும் குழு சுட்டிக்காட்டியது. அது குவாக்கமோலியால் வந்ததன்று. உலாவிவழி நுழைந்த நிகழ்ச்சியும் அன்று. ஆயினும் பாடம் ஒன்றே. பலர் நுழைய அமைத்த வாயிலைப் பலமடங்கு காக்க வேண்டும். இல்லையேல் அது பலர் இழக்க அமைத்த வாயிலாகும்.

காவலனும் கங்காணியும்

இன்னும் ஒரு கருத்து எஞ்சியுள்ளது. பெரும்பாலான மதிப்புரைகள் இதனைத் தொடுவதில்லை. குவாக்கமோலியில் பணியாளரின் திரையில் நிகழ்வதை எல்லாம் பதிவு செய்யும் வசதி உண்டு. அப்பதிவை பின்னர் படக்காட்சியாக மாற்றிப் பார்க்கலாம். விரும்பினால் விசையழுத்தங்களையும் சேர்த்துப் பதியலாம். வங்கிக் கணக்கு, நோயாளர் பதிவேடு போன்றவற்றில் யார் எதைத் தொட்டார் என்று பின்னர் அறிய இது தேவையாகலாம். அதனை மறுப்பதற்கில்லை.

ஆனால் கங்காணி என்ற சொல்லைத் தோட்டப்புறத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. கண்காணிப்பவர் என்னும் பொருளில் பிறந்த அச்சொல், ஆள்களை அழைத்து வந்தவர்க்கும், வேலை வாங்கியவர்க்கும், எப்போதும் பார்த்துக்கொண்டே இருந்தவர்க்கும் பெயராயிற்று. கங்காணியின் பார்வை வெளிப்படையானது. அவர் நிற்குமிடம் நிரையில் நின்றவர்க்குத் தெரியும். திரையைப் பதிவு செய்யும் வாயிலின் பார்வையோ கண்ணுக்குத் தெரியாதது. வீட்டிலிருந்து பணி செய்யும் ஒருவர் இடைவேளையில் அதே தொலைத்திரையில் தம் சொந்தக் கடிதம் ஒன்றைத் திறந்தால் அதுவும் பதிவாகும். தம் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டினால், விசைப்பதிவு நடைபெறுமிடத்தில் அதுவும் பதிவாகும். இங்கே குற்றம் கருவியின் மேலதன்று. பதிவு நடைபெறுகிறதா, யார் அதனைப் பார்ப்பர், எத்தனை நாள் வைத்திருப்பர் என்பதைப் பணியாளர்க்கு முன்கூட்டியே சொல்லாத நிர்வாகத்தின் மேலது. சொல்லிச் செய்தால் அது காவல். சொல்லாமற் செய்தால் அது ஒற்று.

முடிந்த முடிபு

இதுவரை கண்டவற்றால் பெறப்படுவது யாது? உலாவிவழித் தொலைக்கணினி முறை தொலைவை அழிக்கவில்லை. ஒளியின் வேகம் அதற்கு இடந்தராது. உழைப்பை அழிக்கவில்லை, பலரிடமிருந்து ஒருவரிடம் மாற்றியது. அச்சத்தை அழிக்கவில்லை, பல வாயில்களிலிருந்து ஒரு வாயிலுக்கு மாற்றியது. சுமையும் நம்பிக்கையும் நடுவே நிற்கும் துபாசியிடம் குவிகின்றன. ஆகவே இம்முறையின் தரம் உலாவியின் தரத்தைப் பொறுத்ததன்று. துபாசியின் தரத்தையும் அவரைப் பேணுவோரின் தரத்தையும் பொறுத்தது.

இதனை மேற்கொள்ள எண்ணும் பள்ளி வாரியமும் சங்கமும் நிறுவனமும் நான்கு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே இறங்குதல் முறை. சேவையகம் எவ்வூரில் உள்ளது? அதனைப் புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது? அவர் நோயுற்றாலோ பணி நீங்கினாலோ அடுத்தவர் யார்? திரைப்பதிவு உண்டாயின் பயனர்க்கு அறிவிக்கப்பட்டதா? நான்குக்கும் விடை உண்டெனில் இம்முறை மிக்க பயன் தரும். வயதான கணினியும் வலிமை பெறும், தொலைவிலுள்ளவர்க்கும் நல்ல கருவி கிட்டும். விடை இல்லையெனில், முப்பது கணினிகளில் முப்பது முறை நிறுவும் பழைய உழைப்பே மேல். அதில் ஒன்று கெட்டால் ஒன்றுதான் கெடும்.

பழைய துபாசிகளுள் நாணயமானவரும் இருந்தனர். இருபுறத்தையும் விற்றவரும் இருந்தனர். வணிகன் கப்பலின் அழகைப் பார்த்து ஏமாந்தாலும் தப்பினான். துபாசியை ஆராயாமல் நம்பியபோதுதான் முதலை இழந்தான்.